கருப்பாயி பாடாத அடிகள்

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், குடையை வாசலில் சாய்த்துவிட்டு அந்தமானில் இருந்த பல்கலைக்கழக நூலகத்துக்குள் நுழைந்தாள் வைஜெயந்தி. சுனாமி வந்து சில வருடங்கள் ஆகியும் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஈரவாடை போகவில்லை. பழைய ஆய்விதழ்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து வந்து அந்தமான் நிக்கோபாரில் குடியேறிய தமிழர்களின் ஒப்பாரிதான் அவளுடைய ஆய்வு. காதால் கேட்டு எழுதியது மட்டும் போதாது, அறிஞர் யாராவது அச்சில் எழுதியதைக் காட்டு, இல்லாவிட்டால் அந்த அத்தியாயமே வேண்டாம் என்று நெறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

நூலகர் பாலசுப்பிரமணியம்தான் கைகொடுத்தார். ராமநாதபுரத்துக்காரர், பொறுமைசாலி. 'ஒப்பாரி' என்று மட்டும் தேடினால் கிடைக்காது, 'ரப்பர்', 'தாயகம் திரும்பியோர்' என்றும் தேட வேண்டும் என்றார். ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகச் சொன்னார். அப்படிப் போய்ச் சேர்ந்த கட்டுரை இந்தத் தீவில் எங்கும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்ட் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவரே எழுதி நகல் வரவழைத்தார்.

சுனாமிக்கு முன்பு, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் கருப்பாயி என்ற பெண் பாடிய ஒப்பாரி அந்தக் கட்டுரையில் இருந்தது. பாதிதான் அச்சில் இருந்தது. சாவு விழாத இடத்தில் ஒப்பாரியை முடிக்கக்கூடாது, முடித்தால் அது சாவைத் தேடிக்கொண்டு வரும் என்று அவள் நிறுத்திவிட்டதாக அடிக்குறிப்பு சொன்னது.

"அந்தம்மாவ விசாரிச்சேன்மா," என்றார் பாலசுப்பிரமணியம். "அலை கொண்டுபோயிருச்சாம். உடம்பு கெடைக்கல."

நகலை வாங்கிக்கொண்டு வைஜெயந்தி கீழே இறங்கினாள். மின்சாரம் போயிருந்தது. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, சந்தம் பார்ப்பதற்காக வாய்விட்டுப் படித்தாள்.

"ரப்பருக்குக் கீறல் பட்டா பாலு வரும் செரட்டைக்கு,
நெஞ்சுக்குள்ள கீறல் பட்டா நீரு வரும் யாரு கைக்கு..."

அடுக்குக்குப் பின்னாலிருந்து யாரோ கூடவே முணுமுணுத்தார்கள்.

வேறு யாரோ படிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அச்சிலிருந்த கடைசி அடியோடு அவள் நிறுத்தினாள். அந்தக் குரல் நிறுத்தவில்லை.

"உப்புத்தண்ணி பாய்விரிச்சு, அலைய இழுத்துப் போத்திக்கிட்டு..."

வைஜெயந்திக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. எந்த நூலகத்திலும் கிடைக்காத அடிகள். பயம் வருவதற்கு முன்னால் ஆசைதான் வந்தது. பேனாவை எடுத்து வேகவேகமாக எழுதினாள். சேறும் அழுகிய பாசியும் கலந்த வாடை மெல்ல மெல்ல அறையை நிறைத்தது.

"தூங்கப் போன எஞ்சாமி..."

குரல் நின்றது. அந்த இடத்தில் இறந்தவரின் பெயர் வர வேண்டும்.

அவள் குனிந்து பார்த்தாள். அடுக்கின் அடிப்பலகைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. வெளுத்து, ஊறி, தோல் உரிந்த பாதங்கள். விரலிடுக்கில் மணல்.

"யாருக்கு புள்ள?"

கிசுகிசுப்புதான். காதோரத்தில் கேட்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வைஜெயந்தி உயிரைத் திரட்டிக் கத்தினாள்.

"பாலசுப்பிரமணியம் சார்!"

அடுக்குக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"சரி."

அவர் டார்ச்சோடு இறங்கி வந்தபோது அங்கே யாரும் இல்லை. தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. "பானி உள்ள வந்துருச்சு பாருங்க," என்று சலித்துக்கொண்டே இதழ்களை மேல்தட்டுக்கு மாற்றத் தொடங்கினார். உதவிக்குக் கூப்பிட்டதாகத்தான் அவர் நினைத்தார். தான் செய்த காரியம் என்னவென்று அவளுக்கு மட்டும் புரிந்தது.

எழுதிய தாளை அன்றே கொளுத்தினாள். வெயிலடித்த ஒரு நாளில் கீழ்த்தளத்துக்குப் போய், வெறும் அடுக்குகளைப் பார்த்துக் கைகூப்பி, அந்தப் பெயர் தவறி வந்தது, இந்தப் பாட்டு கருப்பாயிக்குத்தான், அவளுக்கென்று பாட யாருமில்லாத கருப்பாயிக்கு என்று அழுதாள். பதில் இல்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் பாலசுப்பிரமணியம் விடுப்பில் ஊருக்குக் கிளம்பினார். கப்பலில் போக வேண்டாம், விமானத்தில் போங்கள் என்று அவள் கெஞ்சினாள். காரணம் கேட்டார். சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் டிக்கெட்டை மாற்றவும் இல்லை. ஹேடோ துறைமுகத்தில் கப்பல் நகர்ந்து மறையும்வரை நின்றாள். அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் மதியம் போன் அடித்தது.

"சென்னை வந்து எறங்கிட்டேன்மா. நல்லாத்தான் இருக்கேன். சும்மா பயந்தீங்களே."

வைஜெயந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

கடல் அமைதியாக இருந்தது, பேச்சுத்துணைக்கும் ஆள் கிடைத்தது என்றார் அவர். கச்சால் தோட்டத்து அம்மா ஒருவர் வழிநெடுக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாராம். போக இடமில்லை என்று இப்போது வீட்டுக்கும் கூடவே வருகிறாராம். பாவம், எத்தனை துணி கொடுத்தும் அவருக்கு ஈரம் காயவே இல்லையாம்.

"உங்களத் தெரியுமாம்மா. பேசணுங்கிறாங்க. இருங்க, குடுக்கிறேன்."

"வேண்டாம் சார்—"

போன் கைமாறியது.

"சாருக்குத்தான புள்ள?"