மஞ்சள் துணிப் பொட்டலம்

ருகாயா படியேறி வந்தபோது வான் இட்ரிஸ் மீன் தலையைப் பூனைக்கு ஒதுக்கிவைத்துக்கொண்டிருந்தார். கோலா சந்தானா போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே அவருடைய நண்பர், டாக்சி ஓட்டும் பூன் ஹொக், இரண்டாவது தட்டுச் சோற்றில் இருந்தார்.

"என் மகன் ஷம்சூரைப் போன மாசம் தூக்குல போட்டுட்டாங்க," என்றாள் ருகாயா. "அதைப் பேச வரல, இன்ஸ்பெக்டர். அவன் படம் ஒண்ணு இருந்துச்சு. அது வேணும்."

மீன் சந்தைத் தகராறில் ஷம்சூர் ஒருவனைக் குத்திக் கொன்றிருந்தான். அவள் அதை மறுக்கவில்லை. சுல்தானுக்குக் கருணை மனு எழுதி, கூடவே அந்தப் படத்தையும் வைத்து அனுப்பினாள். அதில் பன்னிரண்டு வயது ஷம்சூர் நீச்சல் போட்டியில் ஜெயித்து நிற்கிறான். சுல்தானே பதக்கம் குத்திவிடுகிறார். மற்ற படங்களையெல்லாம் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. எல்லாம் முடிந்தபின் மன்னிப்புக் குழுவிலிருந்து அவள் எழுதிய கடிதம் மட்டும் திரும்பி வந்தது.

"படத்தைப் பாத்திருந்தா சுல்தான் துவாங்கு இரங்கியிருப்பாரு. எவனோ வழியிலேயே எடுத்துட்டான். கண்ணை மூடினா அவன் முகம் வரமாட்டேங்குது," என்று அழுதாள்.

இட்ரிஸ் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். குழுவின் முத்திரை ஒன்றுதான் இருந்தது.

"எதுல வச்சு அனுப்புனீங்க, மாக் சிக்?" என்று மலாய் முறையில் அத்தையென அழைத்துக் கேட்டார்.

"மஞ்சள் பட்டுத் துணியில சுத்தி, அரண்மனை வாசல்ல கொடுத்தேன். துவாங்குக்குப் போறதாச்சே, ஒரு மரியாதைக்கு..."

பூன் ஹொக் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மஞ்சளா? அது ராஜ குடும்பத்து நிறம்! அந்தப் பக்கம் சவாரி போனா நான் மஞ்சள் சட்டைகூடப் போடமாட்டேன்."

மறுநாள் காலை மூவரும் அரண்மனை அலுவலகத்தில் இருந்தார்கள். மன்னிப்புக் குழுவின் செயலாளர் ஹாஷிம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "எங்களுக்கு வந்தது கடுதாசி மட்டும்தான். பதிவேடு இருக்கு, பாத்துக்குங்க." அரண்மனை எழுத்தர் சுல்கர்னைன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இந்த ஆளுதான். முழியே சரியில்ல," என்று பூன் ஹொக் காதைக் கடித்தார்.

"சும்மா இருப்பா." இட்ரிஸ் ஹாஷிமிடம் திரும்பினார். "குழு எப்பக் கூடுச்சு?"

"எட்டு மாசத்துல மூணு தடவை தள்ளிப்போச்சு. துவாங்குக்கு உடம்புக்கு முடியலைன்னு சொல்லி அனுப்புனாங்க. நாலாவது தடவைதான் கூடுச்சு."

இட்ரிஸ் அந்த மூன்று தேதிகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு கடிதத்தை மேசையில் விரித்தார்.

"எழுத்தர் பிரிச்ச மனு எதுவா இருந்தாலும் அதுல அரண்மனை முத்திரை விழும். இதுல இல்ல. ஏன்னா இவரு இதைப் பிரிக்கவே இல்ல. மஞ்சள் துணியைப் பாத்ததும் ராஜ குடும்பத்துல இருந்து வந்ததுன்னு நெனச்சு, கைபடாம தட்டுல வச்சு மேல அனுப்பிட்டாரு. மஞ்சள் முடிச்சை அவிழ்க்கிற உரிமை இந்த வீட்டுல ஒரே ஒருத்தருக்குத்தான். கீழ வந்தப்பக் கடுதாசி மட்டும் இருந்துச்சு. அப்ப படம் எங்க நின்னுச்சு?"

ஒரு சுல்தானைப் பார்த்து அந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்க முடியாது.

"அப்ப... துவாங்கு பாத்தாரா?" என்றாள் ருகாயா.

"பாத்தாரு. நீங்க மட்டும் வெள்ளைத் துணியில சுத்தியிருந்தா எழுத்தரோட நாலு வரிச் சுருக்கம்தான் அவருக்குப் போயிருக்கும். இந்த மூணு தேதியும் வெள்ளிக்கிழமை. மூணு வெள்ளியும் அவரு பள்ளிவாசல்ல எனக்கு முன்வரிசையில தொழுதாரு. உடம்புக்கு ஒண்ணுமில்ல. கையெழுத்தைத் தள்ளிப் போட்டிருக்காரு. எட்டு மாசம்."

சுல்கர்னைன் எழுந்து மாடிக்குப் போனார். அரைமணி கழித்துத் தட்டோடு வந்தார். தட்டில் அதே மஞ்சள் துணி, அதற்குள் படம். மேலிருந்து வேறு சொல் எதுவும் வரவில்லை.

படத்தின் ஒரு மூலை விரல் பட்டுப் பட்டு நைந்திருந்தது. ருகாயா மகனின் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"மனசு இருந்துச்சுன்னா, விட்டுடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"குழு முடிவு பண்ணினா அவரு கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும், மாக் சிக். கேள்வி கேக்கலாம், எச்சரிக்கலாம், தள்ளிப் போடலாம். முடியாதுன்னு சொல்ல முடியாது."

அவள் சுவரில் தொங்கிய சுல்தான் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாவம். அவரும் என்னை மாதிரிதான்," என்றாள்.

பிறகு மஞ்சள் துணியை நான்காக மடித்து, தட்டிலேயே திருப்பி வைத்தாள். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பூன் ஹொக் திறந்து பிடித்த கதவு வழியாக வெயிலில் இறங்கிப் போனாள்.