தலைவர் பேசி முடிக்கும்வரை

திங்கட்கிழமை காலை தள்ளுவண்டிக்காரர் வாசலில் நின்று, "அக்கா, இன்னிக்குக் கத்தி" என்றார். மிச்சத்தை அவர் கழுத்தில் தொங்கிய முடிப்பான் சொன்னது: "ரிக்காய் பிஞ்சா வந்திருக்குதுங்க, ஒரு கிலோ போடட்டுங்களா." கீர்த்தனா "அரை" என்றாள். கிலோவையும் நன்றியையும் அவளுடைய முடிப்பான் பார்த்துக்கொண்டது.

2068-இல் திருப்பூரில் யாரும் வாக்கியத்தை முடிப்பதில்லை. தொடங்கினால் போதும், ஆள் யார், வயது என்ன, அவரைப் போன்றவர்கள் வழக்கமாக என்ன சொல்வார்கள் என்று கணக்குப் பார்த்து முடிப்பான் முடித்துவிடும். போன மாநாட்டில் ஓர் அமைச்சர் "அன்பார்ந்த" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய முடிப்பான் இரண்டு மணி நேரம் பேசியது. அவரது ஆகச்சிறந்த உரை அதுதான் என்று பத்திரிகை ஆசிரியர்கள் எழுதத் தொடங்கினார்கள். முடிப்பான்கள் எழுதி முடித்தன.

கீர்த்தனாவின் மகள் வெண்பாவுக்கு முப்பத்துமூன்று வயது. பிறவியிலேயே மூளைவாதம். சக்கர நாற்காலியில் இருந்தபடி அவள் ஒரு வாக்கியம் சொல்ல ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும். சட்டமோ ஒன்பது நொடிதான் தந்தது. அதற்குள் முடிக்காவிட்டால் முடிப்பான் சொல்வதே பேசியவரின் வாக்குமூலம். அவள் "த" என்று தொடங்கினால் முடிப்பான் தண்ணீர் கேட்டது. அவள் சொல்ல வந்தது தந்தூரி சிக்கன்.

அதனால்தான் குடும்பம் 'வெண்பா துணை மன்றம்' என்று ஒன்றைப் பதிவு செய்திருந்தது. வெண்பா தலைவர், கீர்த்தனா செயலாளர், தாய்மாமன் பிரவீன் உறுப்பினர். அவளைக் குளிப்பாட்ட யார் வர வேண்டும், எந்தப் படத்துக்குப் போக வேண்டும், எந்த உதவியாளரை நிறுத்த வேண்டும் எல்லாமே மன்றத் தீர்மானம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அரசு உரிமத்தைப் புதுப்பிக்கும். புதுப்பிக்காவிட்டால் பெருந்துறை அரவணைப்பு வளாகம். அங்கே நானூறு பேர் இருந்தார்கள். நானூறு பேரும் தண்ணீர்தான் கேட்டார்கள்.

இன்று பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார். என்ன கேட்பார் என்று கீர்த்தனாவுக்குத் தெரியும். அம்மாவுக்குப் பிறகு யார்? வெண்பாவிடம் அவள் ஒருநாளும் கேட்கத் துணியாத கேள்வி அது.

மக்கள் மனவிருப்ப முன்னறிதல் துறையின் துணை இயக்குநர் ரித்தீஷ் உள்ளே வந்து "வண" என்றார். அவருடைய முடிப்பான் வணக்கத்தை முடித்து, அவர் பெற்ற மூன்று விருதுகளையும் சேர்த்துச் சொன்னது. பிரவீன் உடனே ஒரு பொன்னாடையை விரித்தார்.

"எதுக்குங்க" என்றார் ரித்தீஷ், தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டே. "இதெல்லாம்" என்று முடித்தது முடிப்பான்.

"மன்றக் கூட்டம் நடந்துட்டிருக்குதுங்க சார். நீங்கதான் சிறப்பு விருந்தினர். வருகைப் பதிவேட்டுல முதல் கையெழுத்து உங்களுது."

ரித்தீஷ் பதவியோடு நான்கு அங்குலத்துக்குக் கையெழுத்துப் போட்டார். வீட்டார் மூவரின் முடிப்பான்களும் ஏற்கெனவே கிடந்த எவர்சில்வர் தட்டைப் பிரவீன் நீட்டினார். "அப்ப முடிப்பானைக் கழட்டி இதுல வைங்க. மன்றத்தோட நாலாவது விதி. வந்தவங்க எல்லாத்துக்கும் பொருந்தும். தலைவர் பேச்சைத் தலைவர்தான் முடிக்கணும். நடுவுல யாராச்சும் வாயைத் தொறந்தா கூட்டம் செல்லாது."

பதிவு பெற்ற மன்றங்களின் கூட்டத்துக்கு ஒன்பது நொடிச் சட்டம் கிடையாது. சட்டமன்றக் குழுக்களில் உறுப்பினர்கள் கண்ணயரும்போது முடிப்பான்கள் எதையாவது தீர்மானமாக்கிவிடக் கூடாதே என்று வைத்த விலக்கு அது. பொன்னாடை முதல் தட்டு வரை வெண்பாவின் யோசனை. அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

ரித்தீஷ் தன் கையெழுத்தைப் பார்த்தார். அழிக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. முடிப்பானைக் கழற்றிவிட்டுக் காகிதத்தைப் பார்த்துப் படித்தார். "உங்கள் தாயாருக்குப் பிறகு உங்களுக்கு யார்?"

"அம்மாவுக்கு…" என்று தொடங்கினாள் வெண்பா. கழுத்து ஒரு பக்கம் இழுத்தது.

ஒரு நிமிடம் ஆயிற்று. ரித்தீஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்பறம்… அம்மா மாதிரி… ஒரு ஆளு…"

'கிடையாது' என்ற சொல் கீர்த்தனாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முடிப்பான் கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வீட்டில் அந்த வேலையைச் செய்துவந்தவள் அவள். இப்போது வாயைத் திறந்தால் கூட்டம் கலையும். கேள்வி ஒன்பது நொடிச் சட்டத்துக்குப் போய்விடும். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"எனக்கு… வேண்டாம்" என்று முடித்தாள் வெண்பா.

கீர்த்தனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெண்பா மூச்சு வாங்கிக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அம்மா… எம் பேச்சுல… பாதியக் கேக்கறதே இல்ல. எனக்கு… ஆள் எடுக்கத் தெரியும். பதினோரு பேர… எடுத்தேன். நாலு பேர… நிறுத்தினேன். அம்மாவுக்கு அப்பறம்… நான் இருக்கேன்."

ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

ரித்தீஷ் தொண்டையைச் செருமினார். "ஆகவே இந்த உரிமத்தை… நான்… இந்தத் துறையின்…" கை தானாகக் கழுத்துக்குப் போய், வெறும் தோலைத் தடவிவிட்டுத் திரும்பியது. இருபது வருடமாக அவர் எழுதி வைக்காத ஒரு வாக்கியத்தின் கடைசிவரை போனதில்லை. பிரவீன் சொல் எடுத்துக்கொடுக்கப் பார்த்தார். வெண்பா அவரை முறைத்தாள்.

"அவரு… யோசிக்கிறாரு. விடுங்க… மாமா."

அந்த அறையிலேயே காத்திருக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ரித்தீஷின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம் கழித்து அவர், பள்ளிக்கூடத்தில் பேசிய குரலில், "இது நல்லா இருக்குதுங்க" என்றார். பிறகு தானே வியந்துபோய், "புதுப்பிச்சுத் தர்றேன்" என்றும் சொல்லி முடித்தார்.

இந்த முறை கையெழுத்து சின்னதாக விழுந்தது. தட்டிலிருந்த தன் முடிப்பானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார், கழுத்தில் மாட்டவில்லை.

பிரவீன் எழுந்து வேட்டியை உதறினார். "அப்பறம் என்னக்கா, கூட்டத்தை முடிச்சிரலாமா?"

"இன்னும்… ஒண்ணு" என்றாள் வெண்பா. "செயலாளருக்கு… லீவு. ஏழு நாள். ஊருக்கு… எங்கயாச்சும்… போகட்டும்."

"அப்ப உன்னை யாரு—" என்று ஆரம்பித்த கீர்த்தனா, தலைவரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். வெண்பா இன்னும் முடிக்கவில்லை. உதடு கோணிக்கொண்டு மேலும் ஏதோ வந்துகொண்டிருந்தது. கீர்த்தனா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவள் நினைத்ததைவிட நேரமாயிற்று.

"திரும்பி… வரணும்" என்றாள் வெண்பா.

கீர்த்தனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடவடிக்கைக் குறிப்பேட்டில் தீர்மானத்தை எழுதினாள். அதன் கீழே 'எதிர்ப்பு' என்ற கட்டம் இருந்தது. அங்கே பேனா சற்று நேரம் நின்றது. பிறகு 'இல்லை' என்று எழுதினாள்.