பிற்பாதி சொல்பவர்கள்

1981ஆம் ஆண்டு நவம்பர் பதினெட்டாம் நாள், புதன்கிழமை, மாலை நாலேமுக்கால் மணிக்கு, திருச்சி மாநகரின் சரித்திரத்தில் மகத்தான நிகழ்ச்சி ஒன்று நடந்தேறியது. திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் பாய்லருக்குள் உட்கார்ந்து, சுத்தியல் சத்தத்துக்கு இரண்டு காதுகளையும் தானம் செய்திருந்த ஸ்தனிஸ்லாசுக்குப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு காது கேட்டது. மேளதாளம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் கேட்டிருக்கும்.

நடந்த இடம் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி. காது மிஷின் விற்கும் அழகர்சாமி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டியை அவர் சட்டைப் பையில் செருகி, ஒயரைக் காதில் மாட்டி, கிரீடம் சூட்டியவர் போலக் கைகட்டி நின்றார்.

"இனிமே ஊசி விழுந்தாலும் கேக்கும் சார்."

"பின்னால யாரோ மூச்சு விடறாங்களே."

திரும்பிப் பார்த்தார். சுவரும் காலண்டரும்தான்.

"அது உங்க சட்டை உரசுறது. மிஷினு பாக்கெட்ல இருக்குல்ல. போகப் போகப் பழகிடும்."

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினார். கண்டக்டரின் விசில், ஜன்னல் தகரத்தின் நடுக்கம், மழைத் தண்ணீரைச் சக்கரம் கிழிக்கும் ஓசை, பக்கத்து ஆள் முறுக்கு கடிக்கும் சத்தம் எல்லாம் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு மண்டைக்குள் ஏறின. அவற்றுக்கெல்லாம் அடியில் அந்தச் சட்டை, ஈரமாக, நிதானமாக, உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சத்தம். மகள் இருதயமேரிக்குப் பத்து வயது. அவள் குரலை அவர் ஒருநாளும் கேட்டதில்லை, உதடுகளைத்தான் படித்திருக்கிறார். மிஷின் வாங்கப் போவதை வீட்டில் சொல்லவில்லை. மப்ளரைக் காதோடு சுற்றி மறைத்துக்கொண்டார். அவள் பேச வேண்டும். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே பதில் சொல்லி அசத்த வேண்டும். இதுதான் திட்டம்.

பாலக்கரை வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே அடுக்களையிலிருந்து குரல் வந்தது. மெல்லிய, கொஞ்சம் மூக்கடைத்த குரல். ஸ்தனிஸ்லாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அப்பா வந்துட்டாரு. வாயசைக்கப் போகணுமா?"

"போயி ரெண்டு வார்த்தை அசைச்சுட்டு வா," என்றாள் மனைவி லூர்துராணி. "இல்லாட்டி மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு."

"சும்மா மென்னு காட்டுனாலும் தலையாட்டுறாரும்மா."

இருவரும் சிரித்தார்கள்.

மகள் வந்தாள். கையைப் பிடித்தாள். சாப்பிட்டீங்களாப்பா என்றன உதடுகள். கண்களில் அத்தனை பாசம். மின்விசிறி கேட்டது. சுவர்க் கடிகாரம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் தலையாட்டினார்.

ஏழு மணிக்கு ஜெபமாலை. தொழிற்சாலையில் செவிடர், வீட்டில் ஜெபத் தலைவர். மாலையில் உருட்டும் ஒவ்வொரு மணிக்கும் மாதா ஜெபத்தின் முற்பாதியை அவர் சொல்வார். பிற்பாதியை மனைவியும் மகளும் சொல்வார்கள். உதடுகள் நின்றதும் அடுத்த மணியைத் தள்ளுவார். மெழுகு உருகும் வாசனையும் நனைந்த சுவரின் சுண்ணாம்பு வாசனையும் அறையில் கலந்திருந்தன. மாதாவிடமாவது குரல் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் மணி. முற்பாதியைச் சொன்னார்.

எதிரே இருவர் உதடுகளும் சத்தமில்லாமல் அசைந்தன.

பிற்பாதி வந்தது.

பின்னாலிருந்து. ஆண் குரல். சளி கட்டிய குரல். மரண நேரத்துக்காக வேண்டும் வரி வரைக்கும், ஒரு சொல் பிசகாமல்.

திரும்பினார். சுவர்தான். அவர்கள் இருவரும் நிமிரவில்லை.

இரண்டாம் மணி. அசையும் உதடுகள். அதே குரல். இன்னும் கிட்டத்தில். மப்ளரின் நூல் அசைந்தது.

மூன்றாம் மணிக்கு அவர் வாயைத் திறக்கவில்லை.

பிற்பாதி வந்தது. தடுமாற்றமில்லை. பதினோரு வருஷம் தினமும் சொல்லிப் பழகிய சரளம்.

அந்த வீட்டில் இத்தனை நாளும் அவருக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

மப்ளரை இழுத்தார். ஒயரைப் பிடுங்கினார். பெட்டி தரையில் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. மின்விசிறி ஓய்ந்தது. கடிகாரம் ஓய்ந்தது.

மூச்சு ஓயவில்லை.

லூர்துராணி தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. மகள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். இருவர் வாயும் வேகமாக அசைந்தன. இந்தத் தடவை கத்தியே பேசியிருக்கலாம். அவருக்குத் தெரியவில்லை.

காதுமடலில் ஈரம் பட்டது. குரல் மறுபடி ஆரம்பித்தது.

ஜெபமாலையில் இன்னும் ஐம்பது மணி பாக்கி.