இரண்டாம் இரவு

மட்டாஞ்சேரி யூதத் தெருவில், தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஷப்தாயின் வீட்டுக்குள் சிம்ஹா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்தாள். பின்னாலேயே அவள் மகள் லேயா. யூதர்களின் பெசஹா பண்டிகை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"அண்ணா, இந்தக் கடிதாசியைப் பாருங்க. என் மெனஹெம் நல்லா இருக்கானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

அவள் மகன் மெனஹெம் இஸ்ரேலுக்குக் குடிபோய் மூன்று வருடம். வலது கையில் அடி, நண்பன் எழுதித் தருகிறான் என்று கடிதம் தொடங்கியது. ஷப்தாயின் மனைவி ரிவ்கா அவர் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"'பெசஹா விருந்து இரண்டு இரவும் நன்றாக நடந்தது, அம்மா. கசப்புக் கீரை இருந்தது, புளிக்காத அப்பம் இருந்தது. நீங்கள் காய்ச்சும் பேரீச்சம்பழப் பாகுதான் இல்லை.' பாருங்க, பாகைக் கேக்கிறான்! அவனேதான். விஷயம் முடிஞ்சுது."

"நீயே முடிச்சா நான் எதுக்கு? கண்ணாடியைக் கொடு."

"முப்பது வருஷம் உறையை மட்டும் பார்த்த மனுஷனுக்கு உள்ளே இருக்கிறது எங்கே புரியும்?"

"உறையும் பேசும்."

முத்திரையில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மை கொட்டியிருந்தது. மூடியில் பழைய பசையின் மேல் புதுப் பசை. பிறகு அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"லேயா, தபால்காரர் இதை யார் கையில கொடுத்தார்?"

"என் கையில, மாமா."

"ரிவ்கா, நாம எத்தனை ராத்திரி விருந்துக்கு உட்கார்ந்தோம்?"

"ரெண்டு. இது ஒரு கேள்வியா?"

"இங்கே ரெண்டு. இஸ்ரேல் மண்ணுல?"

"ஒண்ணுதான். இஸ்ரேலுக்கு வெளியே இருக்கிற நமக்குத்தான் ரெண்டு."

"மூணு வருஷம் அங்கே இருந்தவன் ரெண்டுன்னு எழுதச் சொல்லமாட்டான். இதை எழுதின கை கொச்சியை விட்டுப் போனதே இல்லை. உறை அவனோட பழைய உறை." அவர் லேயாவைப் பார்க்கவில்லை. "கெட்ட எண்ணத்துல எழுதலை. பாகை மறக்காம எழுதியிருக்கு."

லேயா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பெசஹாவுக்கு முன்னாடியே தந்தி வந்துச்சு, மாமா. லாரி கவிழ்ந்துருச்சாம். அம்மா அவனுக்கும் சேர்த்து ஒரு கிண்ணம் எடுத்துத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. விருந்து கழியட்டும்னு பார்த்தேன். கழிஞ்சப்புறம் சொல்ல வாய் வரலை."

சிம்ஹா அழவில்லை. "என்னிக்குப் போனான்?"

"பெசஹாவுக்கு நாலு வாரம் முன்னாடி."

"அப்போ முப்பது நாள் தாண்டிருச்சு."

முப்பது நாளுக்குள் செய்தி தெரிந்தால் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் காக்கலாம். தாண்டினால் ஒரே ஒரு மணி நேரம். அதுதான் சட்டம்.

"என் ஏழு நாளையும் எடுத்துக்கிட்டியேடி." சிம்ஹா அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். தரையில் உட்கார்ந்தாள். "நீயாவது உட்கார்ந்தியா?"

"எப்படிம்மா உட்காருவேன்? உங்களுக்குத் தெரிஞ்சிருமே."

அவள் மகளின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது ஷப்தாய் எழுந்தார். கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.