தாட்சாயிணி திட்டிய ஸ்பானிய வார்த்தை

ஆவடி ஸ்டேஷனில் மழைக்கு ஒதுங்க ஓடிய தாட்சாயிணி அவன் மேலேயே மோதிவிட்டாள். அவன் கையிலிருந்த டிபன் கேரியர் உருண்டது. நிமிர்ந்தாள்... அதே கண்கள்! லேசாகச் சிவந்து, பாதி மூடி, அவளைக் கண்டதும் மலர்ந்துவிடுகிற கண்கள்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரம் தினமும் காலை எட்டு மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி, அம்பத்தூர் போக நிற்கும் அவளிடம் சிரித்துப் பேசுவான். அடுத்த இரண்டு வாரம் ஆளையே காணோம். மூன்று மாதமாக இதே கதை! ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். இவனை நம்பி அவர்களை வேண்டாம் என்பதா, கழுத்தை நீட்டுவதா?

"வெலெய்தோசோ!" என்றாள்.

உலகநாதன் கேரியரைத் துடைத்தான். "திட்டுறீங்களா?"

"ஆமா, ஸ்பானிஷ்ல. நான் டைப் அடிக்கிற தோல் கம்பெனிக்கு ஸ்பெயின்லேர்ந்து லெட்டர் வரும். இன்னிக்குக் கேட்டதை நாளைக்கு வாணாங்கற வியாபாரியை அப்படி எழுதியிருந்தாங்க. மனசு ஒரு இடத்துல நிக்காத ஆளுன்னு டிக்ஷனரில போட்டுகீது."

"மனசு மாறுற எல்லாரையும் சொல்லலாமா?"

"அதெப்படி? காரணத்தோட மாறினா சொல்லக்கூடாது. இஷ்டத்துக்கு மாறுறவங்களைத்தான். பொம்பளைன்னா வெலெய்தோசா. எனக்கு ஆம்பளை வார்த்தைதான் தேவைப்பட்டுது."

அவன் சிரித்தேவிட்டான். "எனக்கு மூணு ஷிப்ட்டுங்க. நைட் ஷிப்ட் வாரம் மட்டும்தான் இந்த நேரத்துக்குத் திரும்புவேன். காலை ஷிப்ட்னா இப்போ மெஷின்கிட்ட நிப்பேன்."

ஆபீஸ் நேரம் மட்டுமே தெரிந்தவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

"சாயங்கால ஷிப்ட்ல? காலையில சும்மாதானே கீறீங்க?"

"ஒருநாள் வந்தேன். உங்க அப்பா பக்கத்துல நின்னாரு. தூணுக்குப் பின்னாடியே நின்னுட்டுப் போயிட்டேன்..."

"இன்னா தைரியம்!"

ரயில் வந்தது. அவள் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். அவன் முகத்திலிருந்த தூக்கமெல்லாம் பறந்துபோயிற்று.

"சனிக்கிழமை அம்மாவோட பருத்திப்பட்டுல உங்க வீட்டுக்கு வர்றேன். உங்க அப்பாகிட்ட நேரா கேக்குறேன். வரலாமா?"

"வாங்க. ஆனா அதுக்கு முன்னாடி நைனாகிட்ட நானே பேசிடறேன்."

"என்னன்னு?"

மழையில் நனைந்த இமைகளை அவள் தாழ்த்தவேயில்லை.

"எனக்கு உங்களைத்தான் புடிச்சிகீதுன்னு."