சுடுகிற மிச்சம்

"கொட்டாதீங்க, மாஸ்டர்."

குப்பைத் தொட்டியின் மேல் டிரேயைச் சாய்த்த பேக்கரி மாஸ்டர் திரும்பிப் பார்த்தான். கொட்டும் மழையில், காலிப் பெட்டியை அணைத்தபடி ஒருத்தி. உடம்பெல்லாம் நனைந்திருந்தது. கண்கள் மட்டும் காய்ந்த விறகு மாதிரி... எரிந்தன.

"நீங்க யாரு, தொட்டிக்குக் காவலா?"

"கடைகள்ல மிச்சமாகிறதை வாங்கி ஆதரவற்றோர் விடுதிகளுக்குக் கொடுக்கிற அமைப்புலேர்ந்து வர்றேன். உங்க முதலாளி சரின்னுட்டார். உங்ககிட்ட சொல்லலையா?"

"சம்பள உயர்வு தவிர எல்லாத்தையும் சொல்வாரே... மறந்திருப்பார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவள் பேசிப் பிடித்த முதல் கடை அது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதனால் கடை சாத்தும் நேரத்துக்கு அவளே வந்து போனாள். பெட்டியில் அமுங்கிப்போன பன் எதையும் விடுதியில் வாங்கமாட்டார்கள். அதுதான் அவளுடைய இரவுச் சாப்பாடு. ஒற்றை ஜன்னல் அறையில், நின்றபடியே தின்பாள். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி காலியாக இருப்பது தெரியும்.

போனில் அம்மா கேட்பாள்: "ஊரார் மிச்சத்தைப் பொறுக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?"

போனை வைத்துவிடுவாள். நாளெல்லாம் அவளிடம் மனிதர் போலப் பேசியது மாஸ்டர் ஒருவன்தான்.

"இன்னிக்கு என்ன மிச்சம்?"

"என் ஆயுசுதான், மேடம். மத்ததெல்லாம் டிரேல இருக்கு."

ஒருநாள் அமைப்பின் மேனேஜர் கூப்பிட்டார். "எல்லாக் கடையிலயும் மிச்சம் குறையுது. உன் கடையில மட்டும் ஏறிக்கிட்டே போகுது. குறைக்கச் சொல்லிக்கொடுக்கத்தானேம்மா உன்னை வெச்சிருக்கோம்? இப்படியே போனா நிரந்தரம் கஷ்டம்."

அன்று மாலை டிரேயைத் தூக்கினாள். விரல் சுட்டது.

காலையில் சுட்ட ரொட்டி சாயங்காலம் எப்படிச் சுடும்?

"கடை சாத்துற நேரத்துல அடுப்பேத்தினீங்களா? எதுக்கு?"

அவன் கையிலிருந்த மாவைத் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். "மாவு என் காசுல வாங்கினது. திருடலை."

"எதுக்குன்னு கேட்டேன்."

"மிச்சம் இல்லாத அன்னிக்கு... வாசல்லயே திரும்பிப் போயிட்டீங்க."

அவள் நெஞ்சுக்குள் ஏதோ தடுக்கி விழுந்தது. வீம்பு அதை எழவிடவில்லை.

"அதுக்காக என் வேலைக்கே உலை வெப்பீங்களா?"

மறுநாளிலிருந்து அவளுக்குப் பதில் அமைப்பின் வண்டி டிரைவர் போனான். வந்து சொல்வான்: "மாஸ்டர் இப்பல்லாம் அளவாச் சுடறார், அக்கா. தூளு கூட மிஞ்சலை."

மேனேஜர் மகிழ்ந்தார். வேலை நிரந்தரமானது. அந்தக் கடைக்கு இனி வண்டி போக வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

ஜெயித்துவிட்டாள். யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னாள். "சரி... சாப்பிட்டியா?" என்றாள் அம்மா. "ஆச்சும்மா." பொய். அறையில் அமுங்கிய பன் கூட இல்லை. காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடையை எடுக்காமலே கிளம்பினாள்.

அவன் காலி டிரேக்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"மிச்சம் எதுவும் இல்ல, மேடம்."

"தெரியும்."

அப்போதுதான் பார்த்தான். அவள் கையில் பெட்டி இல்லை. நனைந்த முகத்தில் அந்தக் கண்கள்... இன்று அவையும் நனைந்திருந்தன.

"பின்ன?"

"பசிக்குது. இத்தனை நாளா எல்லாரும் வேண்டாம்னதைத்தான் சாப்பிட்டேன். எனக்குன்னு ஒண்ணு சுட்டுத் தருவீங்களா?"

"அடுப்பு அணைச்சாச்சு. சூடேற நேரமாகுமே..."

"ஆகட்டும்."

"அதுவரைக்கும் ஏதாவது பேசணும்."

"அதுக்குத்தான் வந்தேன். அன்னிக்குத் திட்டினப்பவே உங்களைப் பிடிச்சிருந்தது, மாஸ்டர். அதான் அவ்வளவு கோபம்."

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவன் தீக்குச்சி கிழித்தான். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

"காத்து..." என்றான்.

சாத்திய கதவை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இந்த முறை சிரிப்பை அடக்கவில்லை.