அடியில் இருபத்து மூன்று

"அண்ணி, தண்ணி ஏறுது, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஏறட்டும். கயிற்றைப் பிடி."

"...கேளுங்க! அண்ணனைக் கொண்டுபோன அதே ஆறு, அதே ஐப்பசி..."

"அதனாலதான் வந்திருக்கேன். திங்கட்கிழமை கோர்ட்டில நான் என்ன எழுதிக் கொடுக்கணும்? நீயே படிச்சுக் காட்டினியே."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"'என் கணவர் சிவநேசன் உயிரோடு இருப்பதாக ஏழு வருடமாக எந்தத் தகவலும் இல்லை, ஆகவே இறந்ததாக அறிவிக்கவும்.' அதில கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அவர் போக நினைச்ச இடத்தை ஒரு தடவை பார்க்கணும். பார்த்துட்டா போட்டுடறேன். போதுமா? இப்பக் கயிற்றைப் பிடி!"

குருபரன் கயிற்றைப் பிடித்தான். அண்ணியிடம் பேசி ஜெயித்தவன் அந்த வீட்டில் எவன்?

போடிக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டங்கள் எல்லாம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பனியாறு குறுக்கே ஓடுகிறது. கயிற்றின் மறுமுனையை அக்கரையில் ஒரு மரத்தில் கட்டிவிட்டு நின்றார் ராசாங்கம். தோட்டக் காவல்காரர். வழி காட்ட வந்தவர்.

"தாயி, பாறையைப் பார்த்து மிதிங்க! பச்சையா இருக்கிறதை மிதிக்காதீங்க!"

மங்கையர்க்கரசி இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு! ஐஸ் மாதிரி தண்ணீர். நடு ஆற்றில் பச்சைப் பாறையைத்தான் மிதித்தாள். கால் போயிற்று! ஆள் முங்கினாள்! கயிறு மட்டும் கையில் இருந்தது.

"விட்டுராதீங்க தாயி! விட்டுராதீங்க!"

விடவில்லை. ராசாங்கம் தண்ணீரில் இறங்கி இழுத்து அக்கரையில் போட்டார். குருபரனும் கயிற்றோடு பின்னாலேயே வந்து சேர்ந்தான். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு உரிந்து போயிருந்தது.

"அய்யோ அண்ணி, கை! எரியுதா?"

"தெரியலை" என்றாள் மங்கை. பொய் இல்லை. ஏழு வருடமாக அவளுக்கு அப்படித்தான். சுட்டாலும் தெரியாது, குளிர்ந்தாலும் தெரியாது. மகள் கல்யாணத்தில் எல்லோரும் அழுதபோது இவள் பந்தியில் அப்பளம் சரியாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவநேசன் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். ஆனால் உயிர் பழைய கண்ணாடி பாட்டிலில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் இருந்த பங்களாக்களின் குப்பைக் குழிகளைத் தோண்டி மருந்து பாட்டில், மை பாட்டில், சோடா பாட்டில் என்று அள்ளிக்கொண்டு வருவார். "மங்கை, பாட்டிலோட வயசு அது உடம்பிலேயே எழுதியிருக்கு" என்பார். தம்பி குருபரனுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றியது. கழுவுகிற வேலை மங்கைக்கு. பதினெட்டு வருடம் கழுவியவளுக்கு வயது பார்க்கத் தெரியாமல் போகுமா?

கடைசியாக அவர் தேடிப் போனது ஒரு நீல நிறக் கோலி சோடா பாட்டில். பச்சையில் ஆயிரம் கிடைக்கும், அந்த அடர்ந்த நீலம் கிடைப்பது குதிரைக் கொம்பு. போனவர் திரும்பவில்லை. அன்று ஆற்றில் வெள்ளம். அவருடைய பை இரண்டு மைல் கீழே ஒதுங்கிக் கிடந்தது. அதனால் கீழ்ப்பக்கமே தேடினார்கள். "சிவநேசா!" "சிவநேசன் சார்!" என்று ஊரே கத்தியது. மங்கை மட்டும் கத்தவில்லை. புருஷன் பெயரை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. எதைச் சொல்லிக் கூப்பிடுவாள்? வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

போன மாதம் அலமாரியைத் துடைக்கும்போது, ஒரு கறுப்பு பாட்டிலுக்குள் சுருட்டி வைத்திருந்த காலண்டர் தாள் அகப்பட்டது. பின்பக்கம் அவர் கையால் வரைந்த வழி. ஆறு, இரட்டைப் பாறை, வெள்ளைப்பாறை எஸ்டேட் பங்களா. பங்களா இருந்தது ஆற்றின் மேல்பக்கம், யாரும் தேடாத பக்கம்!

"அந்தப் பங்களாவுக்கு எங்க ஆளுங்க யாரும் போறதில்லைங்க" என்றார் ராசாங்கம், புதரை வெட்டிக்கொண்டே.

"ஏன்? கரடியா?"

"கரடின்னா பரவாயில்லையே தம்பி. பேய்! வாய்க்கால் ஓரமா உட்கார்ந்து பாட்டில் கழுவுமாம். விறகுக்குப் போன பொம்பளைங்க சத்தம் கேட்டிருக்காங்க. கணகணன்னு."

"வெள்ளைக்காரத் துரையோட பேயா இருக்கும். சோடா குடிச்சுட்டுக் கழுவி வைக்குது" என்று சிரித்தான் குருபரன்.

"சிரிங்க, சிரிங்க. அது எதிர்ல வந்து நின்னா அண்ணி பின்னாடி ஒளிவீங்க... அசையாதீங்க!"

மூவரும் நின்றார்கள். பதினைந்து அடி தூரத்தில் ஒரு காட்டெருமை! கறுத்த மலை மாதிரி. மூக்கு விடைத்தது. குளம்பால் தரையைக் கீறியது. குருபரன் மெய்யாகவே அண்ணியின் பின்னால் போய்விட்டான். மங்கை அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன தோன்றியதோ, அது திரும்பி மூங்கிலை முறித்துக்கொண்டு ஓடியது.

"உங்களுக்குப் பயமே இல்லையா தாயி?"

"எப்படிப் பயப்படறதுன்னு மறந்துபோச்சுண்ணே."

உச்சிப்பொழுது தாண்டி பங்களா தெரிந்தது. பாதிக் கூரை விழுந்திருந்தது. ஒரு அறை மட்டும் முழுசாக இருந்தது. அதன் ஜன்னல் திண்டில்...

"அண்ணி! அண்ணி! அங்க பாருங்க!"

ஐந்து பாட்டில்கள். வரிசையாக. நடுவில், வெயில் ஊடுருவ, மயில் கழுத்து மாதிரி ஜொலித்தது நீலக் கோலி பாட்டில்!

குருபரன் குதித்தான். ராசாங்கத்தைக் கட்டிப்பிடித்தான். "கிடைச்சிருச்சு! தமிழ்நாட்டிலேயே யார்கிட்டயும் இல்லாதது!" ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். கடைசி பாட்டில் பழுப்பு நிறம். திருப்பினான். பக்கவாட்டில் ஓடும் அச்சுக் கோடு கழுத்தைத் தாண்டி, வாய் விளிம்பு வரை ஏறியிருந்தது. கோடு விளிம்பு வரை ஏறினால் வாயும் சேர்த்து மெஷினில் செய்தது, புதுசு. கழுத்தோடு நின்றால் வாய் கையால் செய்தது, பழசு. பாட்டில் தேடுகிறவர்களின் முதல் பாடம் அது.

"சே! பீர் பாட்டில். எவனோ குடிச்சுட்டு வச்சிருக்கான்" என்று ஜன்னல் வழியே வீசினான். கீழே பள்ளத்தில் சலீரென்று உடைந்தது. புதுசு என்றால் தூக்கி எறிவது அவர்கள் கை பழகிய பழக்கம்.

மங்கை நீல பாட்டிலைத் தொடவில்லை. முதல் பாட்டிலைத் தூக்கி அடியைப் பார்த்தாள். கண்ணாடியை ஊதிய குழாயிலிருந்து முறித்த தழும்பு, சொரசொரப்பாக. ஐந்திலும் மூத்தது. அடுத்தது முட்டை அடி சோடா பாட்டில். நிற்காது என்பதால் சுற்றிக் கூழாங்கல் அண்டக் கொடுத்திருந்தது. மூன்றாவது நீலம். நான்காவது மருந்து பாட்டில்.

"குரு. வயசு வரிசையில வச்சிருக்கு."

"ஆமா..."

"எல்லாத்திலயும் கோடு முன்னாடி தெரியாம, பக்கச் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கு. நம்ம வீட்டு அலமாரியில எப்படி இருக்கு?"

குருபரனின் சிரிப்பு நின்றது. கண் நிறைந்தது. "அண்ணன்! அண்ணன் இங்க வந்திருக்கார்! தேடினது கிடைச்சு, ஆசையா அடுக்கி வச்சுட்டு, திரும்பும்போதுதான் வெள்ளத்தில... அண்ணி, பார்க்கணும்னீங்களே, பார்த்துட்டீங்க. போதும். திங்கட்கிழமை நிம்மதியா..."

"நீ எறிஞ்சியே, அதோட கோடு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"அதுவா... நான் திருப்பித்தான் பார்த்தேன்." திண்டில் இருந்த மற்ற நான்கையும் பார்த்தான். "சுவர்ப் பக்கம்."

மங்கை ஆற்றிலிருந்து கொண்டுவந்த கயிற்றை ஜன்னலில் மிச்சமிருந்த ஒற்றைக் கம்பியில் கட்டினாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க? சறுக்கலா இருக்கு! நான் இறங்கறேன்!"

"உனக்கு வெயிட்டு ஜாஸ்தி. கம்பி தாங்காது. இறுக்கிப் பிடி."

இறங்கினாள். மண் சரிந்தது. கல் உருண்டது. ராசாங்கம் மேலே இருந்து சாமி பெயரை எல்லாம் சொன்னார். பள்ளத்தின் அடியில், சிதறிய பழுப்புச் சில்லுகளுக்கு நடுவே அடிப்பாகம் மட்டும் கனத்தால் உடையாமல் கிடந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி வந்தாள். முந்தானையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

அடியில் கம்பெனி முத்திரை. ஒரு ஓரத்தில் 7. மறு ஓரத்தில் 23.

"அவர் எப்பக் கிளம்பினார் குரு?"

"ரெண்டாயிரத்துப் பதினெட்டு... அண்ணி, அது அச்சு நம்பரா இருக்கும்."

"அச்சு நம்பர் 7. இந்த 23 செஞ்ச வருஷம். நீயும் உங்க அண்ணனும் என் முன்னாடி எத்தனை தடவை பேசியிருப்பீங்க?"

குருபரன் அதை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தான். 2023-இல் செய்த பாட்டிலை 2018-இல் எவரும் அடுக்க முடியாது.

"அப்ப... அந்தப் பாட்டில் கழுவுற பேய்..." என்று ஆரம்பித்த ராசாங்கம், தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

நீல பாட்டிலைப் பற்றி யாரும் பேசவில்லை. நாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத சாமான், எவருக்கும் வேண்டாததாக வெயிலில் நின்றது. கிடைத்த பிறகும் குறைந்தது ஐந்து வருடம், பத்து மைல் கீழே இருக்கும் வீட்டுக்கு அதைக் கொண்டுவராமல் இங்கேயே நிற்க வைத்திருக்கிறார் ஒரு மனிதர்.

மங்கைக்கு உள்ளங்கை எரியத் தொடங்கியது. முதலில் லேசாக. அப்புறம் தீயாக. கெண்டைக்காலில் அட்டை கடித்த இடமெல்லாம் அரித்தது. ஈரப் புடவை குளிர்ந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் வந்தது. பாட்டில் அடியைத் திண்டில், ஐந்தாவதாக இருந்த இடத்திலேயே வைத்தாள்.

வாசலுக்குப் போனாள். எதிரே காடு. வாய்க்கால் ஓடும் சத்தம். ஏழு வருடத்துக்கு முன் ஊரே கத்தியபோது திறக்காத வாயைத் திறந்தாள்.

"ஏங்க! இருக்கீங்களா?"